ஆவியாகும் பெட்ரோல், காத்திருக்கும் தங்கவயல்

எண்ணெய் லாரி பங்குக்குள் வந்து நின்றதும் நடக்கிற வேலைகளில் ஒரு கறார் உண்டு. முதலில் லாரியின் உடம்பில் எர்த்திங் கிளிப் மாட்டுவார்கள். உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் சரக்கு அடங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு மேலே ஏறி சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிப் ராடு விட்டு அளவு எடுப்பார்கள். ராடின் நுனியில் பேஸ்ட் தடவி, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு டென்சிட்டி பார்த்து, அதை 15 டிகிரிக்கு மாற்றி இன்வாய்ஸோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒத்துவந்தால்தான் ஹோஸை மாட்டி வால்வைத் திறப்பார்கள். சரக்கு குறைந்தால் நஷ்டம் டீலருடையது என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

வால்வு திறந்த நிமிடத்திலிருந்து, பங்கின் ஓரத்தில் உயரமாக நிற்கும் மெல்லிய இரும்புக் குழாயின் வாய் வழியாக இன்னொரு சரக்கு வெளியே போக ஆரம்பிக்கும். நிலத்தடித் தொட்டிக்குள் 12,000 லிட்டர் பெட்ரோல் இறங்கினால், அதுவரை அங்கே இருந்த 12,000 லிட்டர் ஆவி கலந்த காற்று எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஹோஸ் வழியாக வரும் பெட்ரோல், தொட்டியின் அடிவரை போய் விழுகிற நல்ல முறையில் இறக்கினாலும், லிட்டருக்கு 880 மில்லிகிராம் ஆவியாகத் தப்பிவிடும். ஒரு 12,000 லிட்டர் லோடுக்கு அது பத்தரைக் கிலோ. திரவமாகச் சொன்னால் சுமார் 14 லிட்டர். இரண்டாவதாக ஒரு ஹோஸை மாட்டி, தொட்டியிலிருந்து எழும் ஆவியைக் காலியாகிக்கொண்டே வரும் லாரிக்குள் திருப்பிவிட்டால் அதே இழப்பு லிட்டருக்கு 40 மில்லிகிராமாகச் சுருங்கும். லோடுக்கு அரைக் கிலோகூட இல்லை.

ஒரே ஒரு கூடுதல் ஹோஸ். காற்று மாசு விதிகளைப் பற்றி நம் ஊர்களில் நடக்கும் பேச்சுகளில் இந்த ஹோஸ் வருவதே இல்லை. பங்குகளுக்கான விதிகள் கடந்த பத்து வருடங்களில் இத்தனை தடவை மாறியிருக்கும்போது, கோலார் தங்கவயல் மாதிரியான ஊருக்கு அந்த விதிகள் எதைக் கொண்டுவந்தன, எதைக் கொண்டுவராமல் விட்டன என்று கேட்பதற்கு இந்த ஹோஸ்தான் சரியான இடம்.

மூச்சுக்கு வந்த தாமதம்

தங்கவயல்காரர்களிடம் காற்றைப் பற்றிப் பேசுவதற்குத் தனியாக முன்னுரை வேண்டாம். தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே காலூன்றியது. 1902-ல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது. தங்கம் எடுக்க வேண்டிய தொழில்நுட்பம் 22 வருடங்களில் வந்து சேர்ந்தது.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து பூமிக்கு அடியில் பாறை துளைத்தவர்களின் நுரையீரலுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. சிலிக்கா தூள் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு தரும் விதிகளை மைசூர் அரசு கொண்டுவந்தது 1940 வாக்கில். அந்தப் பத்தாண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரியவந்தது. விதி வருவதற்கு முன்னால் 60 வருடங்கள் ஓடிவிட்டிருந்தன.

பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கம் எடுத்தபிறகு கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. ஆடிக் காற்று அடித்தால் அந்த மண் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று எல்லா லைன் வீடுகளிலும் வந்து படியும். துவைத்துக் காயப்போட்ட துணியைத் திரும்பத் துவைப்பது இங்கே பெண்களுக்குப் பழகிப்போன வேலை. 2024-ல் கர்நாடக அமைச்சரவை இந்தக் குன்றுகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. அப்போதும் பேச்சு அந்த மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பற்றித்தான் இருந்தது.

இந்த ஊருக்கு இன்னொரு மாசையும் தாமதமாகவே கவனிக்கலாம் என்று முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை. என் கட்சி அதுதான்.

விதி மாறிய கதை

பங்குகளைத் தொட்ட மாற்றங்களில் முதலாவது எரிபொருளே மாறியது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4 தர எரிபொருள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. ஐந்தாவது படியைத் தாண்டிக் குதித்தோம். கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. இதில் பாரம் முழுவதும் சுத்திகரிப்பு ஆலைகளின்மேல் விழுந்தது. ஓசகோட்டே பக்கத்தில் தேவனகொந்தி எண்ணெய் முனையத்திலிருந்து வரும் லாரியில் சரக்கு மாறி வந்தது, டீலர் பழைய சரக்கை விற்றுத் தீர்த்துப் புதியதை நிரப்பினார், அவ்வளவுதான். காற்று மாசு விதிகளில் எளிதாக நிறைவேறியது இது ஒன்றுதான். காரணம், செலவைச் செய்யக்கூடியவர் கையில் வேலை ஒப்படைக்கப்பட்டது.

அடுத்தது எத்தனால். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த எரிசக்தி வார விழாவில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030 என்று இருந்த இலக்கை 2025-க்கு முன்னால் இழுத்தார்கள். இங்கே டீலரின் தலையில் நேராக வேலை விழுந்தது. வெறும் பெட்ரோல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் அது அடியில் தனியாகக் கிடக்கும், வெளியே எடுத்துவிடலாம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடிக்குப் போய்விடும். அப்புறம் அந்தச் சரக்கு வண்டிக்கு ஆகாது. மழைக்காலத்தில் தொட்டி மூடியின் ரப்பர் வாஷர் ஒன்று தேய்ந்திருந்தால்கூடக் கஷ்டம். காற்றுக்கு நல்லது என்று கொண்டுவந்த மாற்றம் ஒன்று, நிலத்தடித் தொட்டியின் பராமரிப்பையே வேறு தரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்தத் தரத்தை எப்படிக் காப்பது என்று டீலருக்கும் அவரிடம் வேலை செய்யும் பையன்களுக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டா என்பதைப் பொறுத்துத்தான் ஊருக்கு ஊர் நிலைமை.

மூன்றாவது மாற்றம்தான் இந்தக் கட்டுரையின் நடுவிஷயம். ஆவி மீட்பு. பங்க் நாஸிலில் கூடுதலாக ஒரு பாதை வைத்து, வண்டியின் டேங்கிலிருந்து எழும் ஆவியைச் சின்ன வாக்குவம் பம்பால் உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்குகளுக்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பள்ளி, ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்றது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில் மாதம் 300 கிலோலிட்டர் பெட்ரோல் விற்கும் வாய்ப்புள்ள புதிய பங்க் என்றால் ஆவி மீட்பு கட்டாயம் என்றது.

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பங்குகளின் கதை நீதிமன்றங்கள் வழியாகப் போனது. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2021 டிசம்பரில் கடுமையான உத்தரவு போட்டது. எண்ணெய் நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. இந்தியன் ஆயிலுக்கும் வி.பி.ஆர். மேனனுக்கும் இடையிலான அந்த வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு பங்கும் மாநில வாரியத்திடம் தனியாக இசைவாணை வாங்கவேண்டும் என்ற பகுதியை நீக்கியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் மாதம் 300 கிலோலிட்டருக்கு மேல் விற்கும் பங்குகள் வாரியம் வகுத்த கால அட்டவணைப்படி ஆவி மீட்பைப் பொருத்தியே ஆகவேண்டும் என்பதை உறுதிசெய்தது.

இப்போது தங்கவயலுக்கு வாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். பத்து லட்சம் இல்லை. ஆகவே ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பல காலமாக இருக்கும் பங்குகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. இனிமேல் வரும் பங்குக்கு, 300 கிலோலிட்டர் என்ற வாசலைத் தாண்டினால்தான் பொருந்தும். 300 கிலோலிட்டர் என்றால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர். ஸ்கூட்டர்காரர்கள் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொள்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய விற்பனை என்று யோசித்துப் பாருங்கள். மத்திய அரசின் தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் கர்நாடகத்திலிருந்து பெங்களூர், தாவணகெரே, ஹூப்ளி-தார்வாட், கலபுரகி என்று நான்கு பெயர்கள்தான். சட்டத்தின் கண்ணில் தங்கவயலின் காற்றுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

கைக்கெட்டும் தூரத்தில்

நகரம் முழுவதற்குமான மாசைக் கணக்குப் போடுகிறவர்கள் விற்பனை அளவை வைத்து வரம்பு போடுவதில் நியாயம் இருக்கிறது. அதிகம் விற்கிற இடத்தில் அதிக ஆவி. ஆனால் பெட்ரோல் ஆவியில் முதலில் நிற்கிறவர் நாஸில் பிடிக்கும் பையன். அவருக்கு அந்த பங்க் மாதம் எவ்வளவு விற்கிறது என்பது பொருட்டே இல்லை. அவர் கையால் எவ்வளவு போடுகிறார் என்பதுதான் பொருட்டு.

அதே அமெரிக்கக் கணக்கில், மீட்பு ஏற்பாடு இல்லாமல் வண்டியில் நிரப்பும்போது லிட்டருக்கு 1,320 மில்லிகிராம் ஆவி வெளியே வரும். ஒரு ஷிஃப்டில் ஆயிரம் லிட்டர் போடும் பையனின் முகத்துக்கும் இடுப்புக்கும் நடுவே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் பெட்ரோல் காற்றாகிப் போகிறது. பெங்களூரின் பெரிய பங்கில் இருந்தாலும் மாரிக்குப்பம் ரோட்டில் இருந்தாலும் ஆயிரம் லிட்டருக்கு அதே ஆவிதான். அதில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அதை வைத்திருக்கிறது. பி.எஸ்.6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் நாட்டுக் காற்றுத் தர விதி 2009-லிருந்து ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. அந்த அளவை எந்த பங்கின் நாஸில் பக்கத்திலாவது வைத்துப் பார்த்தால் என்ன வரும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஸ்கூட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நீல்சன் நிறுவனம் 2013-ல் செய்த ஆய்வில், நாட்டில் விற்கும் பெட்ரோலில் 60 சதவீதத்துக்கு மேல் இரண்டு சக்கர வண்டிகளுக்கே போகிறது என்று தெரிந்தது. காரில் நாஸில் குழாய்க்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும், வாய் ஓரளவுக்கு மூடிக்கொள்ளும், வாக்குவம் பம்ப் ஆவியை நன்றாக இழுக்கும். ஸ்கூட்டரிலோ சீட்டைத் தூக்கி, அகலமான வாய்க்கு மேல் நாஸிலைச் சாய்த்துப் பிடித்து, அளவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போடுவார்கள். வண்டிக்காரர் குனிந்து உள்ளே பார்ப்பார். பின்னால் உட்கார்ந்த குழந்தையும் எட்டிப் பார்க்கும். ஆவி மேலே வருகிற இடத்தில் மூன்று முகங்கள். ஆவி மீட்பு பொருத்திய நாஸிலுக்கும் அங்கே பாதிப் பலன் கிடைத்தால் பெரிய விஷயம். இப்போதைய வண்டிகளில் நிறுத்திவைத்திருக்கும்போது கசியும் ஆவியைப் பிடிக்கக் கரி டப்பா உண்டு. நிரப்பும்போது எழும் ஆவியை அது பிடிக்காது.

இதனால்தான் சின்ன ஊர்களுக்கு முதலில் வரவேண்டியது நாஸில் ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. லாரி இறங்கும்போது மாட்டும் அந்தத் திருப்பு ஹோஸ் முதலில் வரட்டும். அதில் நுணுக்கமான பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. ஆவி தானாகவே அழுத்தம் குறைந்த லாரிப் பக்கம் போகும். லாரி அந்த ஆவியைச் சுமந்துகொண்டு முனையத்துக்குத் திரும்பி, அடுத்த லோடு ஏற்றும்போது அங்கே உள்ள மீட்பு இயந்திரத்தில் அதை ஒப்படைக்கவேண்டும். லாரியும் முனையமும் பங்கும் மூன்றும் தயாராக இருந்தால்தான் இது பலிக்கும். மூன்றையும் ஒருசேரச் செய்யக்கூடியவை எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே.

யார் தலையில்?

டீலரின் நிலையையும் சொல்லியாகவேண்டும். ஊரில் பங்க் வைத்திருப்பவர் என்றால் பெரிய பணக்காரர் என்று நினைக்கிறோம். நெடுஞ்சாலைப் பங்குகளில் அப்படி இருக்கலாம். சின்ன ஊர் டீலருக்கு விலை நிர்ணயத்தில் பேச்சே கிடையாது, கமிஷன்தான் வருமானம். 2017-க்குப் பிறகு அந்தக் கமிஷன் திருத்தப்பட்டது 2024 அக்டோபர் கடைசியில். ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் கூலியும் கரண்ட் பில்லும் ஏறியது எவ்வளவு என்று நமக்கே தெரியும். அவர் பதில் சொல்லவேண்டிய அலுவலகங்களும் நிறைய. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, எடையளவுத் துறை, உணவு வழங்கல் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நகரசபை, எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி. ஒவ்வொருவரும் தனித் தனியாகக் கடிதம் அனுப்புகிறார்கள். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இப்படிப்பட்டவர்மேல் காற்று மாசு வேலையைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு தில்லி ஓர் உதாரணம். 10 வருடம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் போடக்கூடாது என்று அங்குள்ள காற்றுத் தர ஆணையம் உத்தரவிட்டது. பங்குகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா வைத்தார்கள். வண்டியைத் தடுக்க போலீஸ் அதிகாரம் இல்லாத பங்க் பையன்கள் வண்டிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கவேண்டிய நிலை. டீலர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. சில நாட்களிலேயே உத்தரவை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வண்டி உரிமையாளர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. நோக்கம் நல்லதுதான், தில்லிக் காற்று எப்படி இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும். செய்து முடிக்கக்கூடியவரிடம் வேலை போய்ச் சேரவில்லை.

மாறும் விதிகளில் முதலீட்டு ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவில் 1970-களிலேயே நாஸில் வழி ஆவி மீட்பு வந்தது. பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கும் பரவியது. 1998 மாடலிலிருந்து கார்களிலேயே நிரப்பும்போது எழும் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி வர ஆரம்பித்தது. அப்படிப்பட்ட கார்கள் ரோட்டில் நிறைந்ததும், பங்குகளுக்கு அந்த ஏற்பாடு இனிக் கட்டாயமில்லை என்று 2012-ல் அங்குள்ள முகமை அறிவித்தது. லாரி இறங்கும்போது ஆவி திருப்பும் முறையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. எந்த வண்டி வந்தாலும் நிலத்தடித் தொட்டியை யாராவது நிரப்பித்தானே ஆகவேண்டும். சின்ன ஊர் டீலருக்கு எதில் முதலில் காசு போடச் சொல்லவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

கருவி வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிவதுமில்லை. ஆவி மீட்பு நாஸிலில் ரப்பர் கிழிந்தால், வாக்குவம் பம்ப் நின்றால், பெட்ரோல் வழக்கம்போலப் போய்க்கொண்டே இருக்கும். மீட்டரில் தெரியாது, வண்டிக்காரருக்குத் தெரியாது. இழுக்கும் காற்றும் போடும் பெட்ரோலும் சரி அளவில் இருக்கிறதா என்று காலாகாலத்தில் கருவி வைத்துச் சோதிக்கவேண்டும். எத்தனால் கூடக் கூட, பழைய ரப்பர் வகைகள் சீக்கிரம் உப்பிக் கெடும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தச் சோதனைக்கு ஆள் அனுப்புவது எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பாக எழுதப்படவேண்டும். அபராத நோட்டீஸ் முதல் கடிதமாக வரக்கூடாது. முதலில் ஆள் வரட்டும், என்ன செய்யவேண்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். தங்கவயலில் நாஸில் பிடிக்கும் பையன்களில் பலருக்கு வீட்டு மொழி தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம்.

காசே செலவாகாத காரியங்களும் சில இருக்கின்றன. ஆட்டோ கட் விழுந்த பிறகு ரவுண்டாக வரட்டும் என்று இரண்டு தடவை அழுத்துவதை நிறுத்தலாம். அந்தச் சொட்டுகள் எஞ்சினுக்குப் போவதில்லை, காற்றுக்குத்தான் போகின்றன. வெயில் உச்சிக்கு வரும் முன் லோடு இறக்கும்படி லாரி நேரத்தை மாற்றலாம். தொட்டி மூடியை டிப் பார்த்த உடனே இறுக்கலாம். வேலை செய்கிற பையன்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யலாம். அது முழுக்க இலவசமில்லை, ஆனால் ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிக்கு நஷ்டஈட்டு விதி வரவே அறுபது வருடம் ஆன ஊரில் இதைக் கேட்பது அதிகமில்லை.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு வேலை. ராபர்ட்சன்பேட்டை மாதிரி நெருக்கமான கடைவீதியில், பங்குக்கு அடுத்த வீட்டு வாசலில், ஒரு மாதம் பென்சீன் அளவெடுக்கும் கருவி வைக்கட்டும். மக்கள்தொகை வரம்பை வைத்து ஊரை ஒதுக்குவதற்கு முன்னால் அந்த ஒரு எண்ணையாவது கையில் வைத்துக்கொண்டு ஒதுக்கட்டும்.

இதற்கெல்லாம் அவசரம் இருக்கிறது. ஓசகோட்டேயிலிருந்து சென்னை நோக்கிப் போகும் விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, சுமார் 71 கிலோமீட்டர், தங்கவயலுக்குப் பக்கத்திலுள்ள பேத்தமங்கலம், சுந்தரபாளையம் வரை வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆந்திர எல்லை பக்கத்தில். அந்தப் பக்கம் பெட்ரோலும் டீசலும் விலை அதிகம் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு போவது வண்டிக்காரர்கள் வழக்கம். இந்த வழியில் புதிய பங்குகள் வரும். வரும்போது, விற்பனை 300 கிலோலிட்டரைத் தொடுமா தொடாதா என்ற ஜோசியத்துக்குக் காத்திருக்காமல், தொட்டி புதைக்கும் அன்றே ஆவி திரும்பும் குழாயையும் அதற்கான இணைப்பு வாயையும் சேர்த்துப் புதைத்துவிடச் சொல்லவேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன் அது சில மீட்டர் இரும்புக் குழாய்ச் செலவு. போட்டபின் பங்கையே மூடித் தரையை உடைக்கவேண்டியிருக்கும். அனுமதிக் கடிதத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க எண்ணெய் நிறுவனங்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.